மூலமும் மறுபதிவும்: படங்களின் பின்னணி இசையை ஒப்பிட்டுக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை இரவுகளில் நான்கைந்து பேர் கூடி உட்கார்ந்து படங்களின் பின்னணி இசையைக் கேட்கிறோம். வருகிறவர்களில் அதிகம் பேர், தோட்டத்து லயங்களை விட்டு டவுனைச் சுற்றியுள்ள தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். கேட்க வேண்டிய இசையைக் கைப்பேசியில் நொடியில் எடுத்துவிடுவார்கள். ஒரே இசைத்துண்டு இரண்டு மூன்று பதிவுகளாகக் கிடைக்கும்போதுதான் தடுமாற்றம். "இதில் எது ஐயா அசல்? எது நல்லது?" என்பார்கள். இவை இரண்டு வேறு கேள்விகள். இரண்டுக்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்லி, நான் பல ஆண்டுகள் ஒரு பெரிய கலைஞர்மேல் வீண்பழி சுமத்தியிருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தைத் தொலைக்காட்சியிலிருந்து வீடியோ கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தோம். இசை பெர்னார்ட் ஹெர்மன். குழல் இல்லை, முழவு இல்லை, தந்தி வாத்தியங்கள் மட்டுமே. நாடா தேயும்வரை கேட்டேன். பிறகு ஈப்போவில் ஒரு கடையில், ஹெர்மனே 1975இல் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்திச் செய்த மறுபதிவு குறுந்தட்டாகக் கிடைத்தது. ஆசையோடு வாங்கி வந்து போட்டேன். தொடக்க இசையே தளர்ந்து நடந்தது. சுருதியும் இறங்கியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார் என்பதும் எனக்குத் தெரியும். "கடைசிக் காலத்தில் கை தளர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டி, கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பங்கு என் வீட்டு வீடியோவுக்குப் போக வேண்டியது. எப்படி என்பது மூன்றாம் படியில் வரும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையைத்தான் சொல்கிறது: தீர்ப்புச் சொல்வதற்கு முன் இரண்டு பதிவுகளையும் ஒரே தராசில் சமமாக வையுங்கள்.

தொடங்கும் முன்: மூன்று சொற்கள்

கோடம்பாக்கத்தில் 'ரீரெக்கார்டிங்' என்றாலே பின்னணி இசை சேர்ப்புதான். படத்தை எடுத்து, தொகுத்து, வசனம் சேர்த்த பிறகு, ரீல் ரீலாகத் திரையில் ஓடவிட்டு அதற்கேற்ப இசை பதிவார்கள். நம் பத்திரிகைகளும் அந்தப் பொருளிலேயே எழுதுகின்றன. ஆகவே, ஒருமுறை பதிவான இசையைப் பின்னொரு நாளில் மீண்டும் வாசித்துப் பதிவதை இங்கே 'மறுபதிவு' என்றே சொல்கிறேன். மூன்றாவது சொல் 'ரீமாஸ்டர்'. இதில் யாரும் புதிதாக வாசிப்பதில்லை. பழைய நாடாவின் இரைச்சலைக் குறைத்து, கனத்தைச் சரிசெய்து வெளியிடுவார்கள். பழைய வேட்டியை வெளுத்துக் கட்டுவது ரீமாஸ்டர். அதே கரை வைத்துப் புது வேட்டி நெய்வது மறுபதிவு. கடைக்காரர்களும் இணையத்தில் பதிவேற்றுகிறவர்களும் இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் படி: பிறப்பை விசாரியுங்கள்

அட்டையில் 'அசல் படத்தின் இசை' என்று அச்சிட்டிருந்தால் அது படத்தில் ஒலித்த அதே பதிவு என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு விவரங்களைத் தேடுங்கள்: நடத்தியவர் யார், எந்த இசைக்குழு, எந்த ஊர், எந்த ஆண்டு பதிவானது. வெளியான ஆண்டு வேறு, பதிவான ஆண்டு வேறு. இந்த நான்கில் ஒன்று படத்தோடு பொருந்தாவிட்டாலும் கையில் இருப்பது மறுபதிவாக இருக்கலாம்.

இதற்கு நல்ல பாடம் 'பென்-ஹர்'. 1959இல் படம் வந்தபோதே, அதைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் எல்.பி. இசைத்தட்டையும் வெளியிட்டது. படத்துக்கு இசையமைத்த மிக்லோஷ் ரோஜா, ஹாலிவுட்டில் தாமே நடத்திப் பதிவு செய்திருந்தார். இசைத்தட்டில் இருந்ததோ ரோம் நகரத்து இசைக்குழு, நடத்தியவர் கார்லோ சவீனா. காரணம் பணக்கணக்கு. படத்துக்காக வாசித்ததை இசைத்தட்டில் மீண்டும் பயன்படுத்தினால் கலைஞர்களுக்குத் தனியாக ஊதியம் தர வேண்டும் என்பது அந்நாளைய அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் விதி. வெளிநாட்டில் புதிதாக வாசிக்கவைப்பது அதைவிட மலிவாக முடிந்தது. அந்தத் தட்டை வாங்கியவர்களில் எத்தனை பேர் திரையரங்கில் கேட்டதையே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று நம்பியிருப்பார்கள்!

'ஜாஸ்' படத்தின் 1975 இசைத்தட்டும் அப்படியே. இசையமைத்த ஜான் வில்லியம்ஸ் அதைத் தட்டுக்கென்று தனியாக மறுபடி பதிவு செய்தார். படத்தில் ஒலித்த பதிவு குறுந்தட்டாக வர 2000ஆம் ஆண்டுவரை ஆயிற்று. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினிக்கு இது வழக்கமாகவே இருந்தது. அவருடைய தட்டுகள் பல, வீட்டில் அமர்ந்து கேட்பதற்கென்றே இதமாக மாற்றி வாசித்தவை. ஆகவே 'படத்தில் உள்ளது', 'அதே காலத்து இசைத்தட்டில் உள்ளது', 'பின்னாளில் மறுபதிவானது' என்று மூன்றையும் மூன்று தனிப் பிள்ளைகளாகவே எண்ணுங்கள்.

மூலத்துக்குள்ளேயே இரண்டு மூலம் இருப்பதும் உண்டு. 1958இல் வந்த 'வெர்டிகோ'வின் இசையை லண்டனில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். இசைக்கலைஞர் வேலைநிறுத்தம் குறுக்கிடவே, மீதியை வியன்னாவில் முடித்தார்கள். லண்டனில் பதிவானது ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடங்கள்), வியன்னாவில் பதிவானது மோனோ (ஒரே தடம்). இரண்டையும் நடத்தியவர் மூர் மாத்தீசன், ஹெர்மன் அல்ல. இதில் எந்தப் பகுதியை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று தெரியாமல் "மறுபதிவில் அகலம் அதிகம்" என்று சொன்னால் அந்த வார்த்தைக்குப் பொருள் இல்லை.

நம் ஊரிலும் இதே விசாரணை வேண்டும். கேசட் காலத்தில் டவுன் கடையொன்றில், அட்டையில் கதாநாயகனின் படம் போட்ட கேசட்டைச் சம்பள நாளன்று வாங்கி வந்தேன். வீட்டில் போட்டால் பாடியவர்கள் வேறு. வயலின் வர வேண்டிய இடத்திலெல்லாம் மின்னணுக் கீபோர்டு. அட்டையின் உள்மடிப்பில், எறும்பு ஊர்ந்ததுபோல் சிறிய எழுத்தில், வேறு பாடகர்கள் பாடியவை என்று அச்சிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து உள்மடிப்பைப் படிக்காமல் நான் எதையும் வாங்கியதில்லை.

இரண்டாம் படி: நல்ல பிரதியைப் பிடியுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு பதிவைக் குறுந்தட்டிலிருந்தும் மற்றதைப் பலமுறை சுருக்கிப் பதிவேற்றிய காணொளியிலிருந்தும் எடுத்து ஒப்பிடாதீர்கள். இரண்டும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். முடியாவிட்டால், மோசமான பிரதி எது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, உயர்ந்த ஒலிகளைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

கேசட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. நாடா ஓடும்போது, அதைப் படிக்கும் ஹெட்டின் நுண்ணிய இடைவெளி நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சற்றே சாய்ந்திருந்தாலும் உயர்ந்த ஒலிகள் மங்கிவிடும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறிய திருகை மிக மெதுவாகத் திருப்பி, இரைச்சல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மோனோவில் வைத்துக்கொண்டு திருப்பினால் அந்த இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும். இந்தத் திருகைத் தொடாமலே "பழைய பதிவு மந்தம்" என்று ஒதுக்கப்பட்ட கேசட்டுகள் நம் வீடுகளில் ஏராளம்.

மூன்றாம் படி: வேகத்தையும் சுருதியையும் சரிசெய்யுங்கள்

மலேசியாவில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. நம் தொலைக்காட்சி பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் விநாடிக்கு 25 பிரேம். படத்தைத் தொலைக்காட்சிக்கோ பி.ஏ.எல். டிவிடி வட்டுக்கோ மாற்றும்போது, அந்த ஒரு பிரேம் இடைவெளியைச் சமாளிக்கப் படத்தையே சற்று வேகமாக ஓடவிட்டார்கள். ஏறக்குறைய 4 சதவீத வேகம். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். 2 நிமிடம் 5 விநாடி நீளமுள்ள இசைத்துண்டு சரியாக 2 நிமிடத்தில் முடியும்.

காலம் சுருங்கினால் சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்பதை நம் வழக்கில் சொல்கிறேன். ஒரு கட்டையில் இருந்த இசை ஒன்றரைக் கட்டையை எட்டாமல், அந்த இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு தூரம் ஏறி நின்றுவிடும். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் பொருந்தாது. இப்படிப் பொருந்தாமல் தொங்குவதே பி.ஏ.எல். பிரதிக்கு அடையாளம். கைப்பேசியில் கிடைக்கும் சுருதி காட்டும் செயலியே போதும். நீண்டு நிற்கும் ஒரு சுரத்தைக் காட்டுங்கள். முள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் தவித்தால் சந்தேகப்படுங்கள். படத்தின் மொத்த நீளத்தையும் பாருங்கள். 'சைக்கோ' 109 நிமிடப் படம். என் வீடியோவில் 105 நிமிடம்கூட ஓடவில்லை. அந்தக் கணக்கைப் போட்ட இரவில்தான், குறுந்தட்டில் சுருதி இறங்கவே இல்லை, என் நாடாவில்தான் ஏறியிருந்தது என்று புரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரிசெய்வது எளிது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் படத்திலிருந்து எடுத்த துண்டைத் திறந்து, வேகத்தை மாற்றும் கட்டளையில் 4 சதவீதம் குறையுங்கள். வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். சில வட்டுகளில் சுருதியை மட்டும் முன்பே திருத்தியிருப்பார்கள். அவற்றில் முள் சரியாகச் சுரத்தில் நிற்கும், ஆனால் நீளம் குறைந்திருக்கும். அவற்றுக்கு வேகத்தை மாற்றும் கட்டளை ஆகாது. சுருதியைத் தொடாமல் காலப்பிரமாணத்தை மட்டும் மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி. வட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வேக வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு, காது அறியாது.

இவ்வளவையும் செய்த பிறகு மீண்டும் கேட்டேன். சுருதி ஒன்றாகிவிட்டது. ஆனால் 1975 பதிவு அப்போதும் மெதுவாகத்தான் நடந்தது! இயந்திரம் சேர்த்த பொய்யைக் கழித்த பிறகு மிஞ்சிய அந்த மெதுவுதான் ஹெர்மன் வேண்டுமென்றே தேர்ந்தது. அதை மட்டும்தான் அவர் கணக்கில் எழுத வேண்டும்.

நான்காம் படி: ஒலியளவைச் சமப்படுத்துங்கள்

ஒரு டெசிபல் கூடினாலே காது ஏமாந்துவிடும். "சத்தம் அதிகம்" என்று அதற்குத் தோன்றாது. "தெளிவு அதிகம், உயிர் அதிகம்" என்றே தோன்றும். புதிய மறுபதிவுகளும் ரீமாஸ்டர்களும் பெரும்பாலும் உரக்கவே இருக்கும். ஆகவே சமப்படுத்தாமல் கேட்டால் புதியதே வெல்லும்.

ஆடாசிட்டியில் ஒலியளவைச் சீராக்கும் கட்டளை இருக்கிறது. இரண்டு துண்டுகளையும் தேர்ந்தெடுத்து, இரண்டுக்கும் −23 எல்.யு.எஃப்.எஸ். என்று ஒரே அளவைக் கொடுங்கள். இது உச்சத்தைப் பார்க்காமல், காதுக்குச் சராசரியாகப் படும் உரப்பைப் பார்க்கிற அளவு. சின்னதைப் பெரிதாக்குவதைவிடப் பெரிதைச் சின்னதாக்குவது பாதுகாப்பு, ஒலி உடையாது. பிறகு பெருக்கியின் குமிழை ஒருமுறை வைத்தால் கடைசிவரை தொடக் கூடாது.

அறையையும் சமப்படுத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்று ஒப்பீடு வேண்டாம். சும்மா கேட்டு மகிழுங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் ரயில் போகும். அது கடந்து முடியும்வரை காத்திருப்போம். லண்டன் கிங்ஸ்வே அரங்கில் செய்த பதிவுகளில் அடியில் ஓடும் பாதாள ரயிலின் உறுமல் சில இடங்களில் நன்றாகவே கேட்கும். சார்லஸ் கெர்ஹார்ட் 1972 முதல் நடத்திய புகழ்பெற்ற ஹாலிவுட் மறுபதிவு வரிசையில் பெரும்பகுதி அந்த அரங்கில் பதிவானதுதான். ஒரு சனிக்கிழமை அந்த உறுமல் கேட்டதும் ஒரு தம்பி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போய்விட்டான்.

ஐந்தாம் படி: உடையைக் களைந்து கேளுங்கள்

பழைய மூலம் பெரும்பாலும் மோனோ. மறுபதிவு ஸ்டீரியோ. பழைய படங்களின் ஒளித்தடத்தில் (பிலிமின் ஓரத்தில் ஒலியைப் பதிந்த கோடு) உயர்ந்த ஒலிகள் இயல்பிலேயே குறைவு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி 16 மி.மீ. படம் காட்டிய காலத்தில் கேட்டவர்களுக்கு அது தெரியும். இந்த வேறுபாடுகள் பதிவுக் கருவியைச் சேர்ந்தவை. வாசிப்பைச் சேர்ந்தவை அல்ல. எனவே ஒரு சுற்றுக்கு மட்டும் மறுபதிவையும் மோனோவாக்குங்கள். ஏறக்குறைய 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலிகளை வடிகட்டியால் குறையுங்கள். இப்போது இரண்டும் ஒரே வெள்ளை வேட்டியில் நிற்கின்றன. இந்தச் சுற்றில் எது பிடிக்கிறதோ அதுதான் வாசிப்பின் வெற்றி.

பெயரைச் சொல்லாமல் இதைச் செய்வது இன்னும் நல்லது. ஒருவர் இயக்கட்டும், மற்றவர்கள் முதுகைக் காட்டி உட்காரட்டும். 'அ', 'ஆ' என்று மட்டும் குறிப்பு எடுங்கள். மாற்றி மாற்றி ஐந்து முறை போடுங்கள். எங்கள் கூட்டத்தில் மூலத்துக்காகச் சண்டை போடும் ஒரு தங்கை, இந்தச் சுற்றில் மறுபதிவைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தாள். உண்மை தெரிந்ததும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் எனக்கு அந்த இரைச்சல்தான் பிடித்திருக்கிறதா மாமா?" என்று கேட்டாள். கேட்பதில் அவள் அன்று தேர்ச்சி பெற்றுவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஆறாம் படி: ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே முறையில் கேட்டால் எதுவும் நிற்காது. ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி போதும். முதல் சுற்றில் காலப்பிரமாணம். கடிகாரத்தோடு கேட்டு, எந்த இடத்தில் எத்தனையாவது விநாடி என்று எழுதுங்கள். மொத்த நீளம் ஒன்றாக இருந்தும் நடுவில் இழுத்தும் விரைந்தும் போயிருக்கலாம். அடுத்த சுற்றில் கீழ்த்தந்திகளை மட்டும் கேளுங்கள். அதற்கடுத்து குழல்களை மட்டும். பிறகு அறை. ஒலி நின்ற பிறகு எவ்வளவு நேரம் தங்குகிறது? ஸ்டூடியோவில் உடனே அடங்கும். பெரிய அரங்கில் கோயில் மண்டபத்து மணிபோல் சுற்றி வரும்.

கடைசிச் சுற்றை மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். 1980களின் தமிழ்ப் பதிவுகளில் வயலின் வரிசையும் தபலாவும் குழலும் ஒரே கூடத்தில் ஒன்றாக வாசித்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தப் பதற்றமும் ஒற்றுமையும் ஒலியில் ஏறியிருக்கிறது. என் கைவசம் உள்ள ஒரு கிராமத்துப் படத்தின் துண்டில், குழல் தொடங்குவதற்கு அரை விநாடி முன்னால் வாசிப்பவர் மூச்சை உள்ளிழுப்பது கேட்கும். அதே துண்டை ஓர் இளைஞர் கணினியில் மாதிரி ஒலிகளைக் கொண்டு அப்படியே உருவாக்கியிருக்கிறார். சுரம் ஒன்றுகூடத் தப்பவில்லை; கமகத்தைக்கூட அருமையாகக் கொண்டுவந்திருக்கிறார். மூச்சு மட்டும் இல்லை. மூச்சு இல்லாததால் அடுத்த வயலின் நுழைவு சற்று முன்னதாக வந்ததுபோல் தோன்றுகிறது. கடிகாரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே விநாடிதான்.

ஏழாம் படி: படத்தோடு பொருத்திப் பாருங்கள்

பின்னணி இசையின் வேகத்தை முடிவு செய்வதில் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கதவு திறக்கும் பிரேமில் சுரம் விழ வேண்டும். இதற்காக இசைக்கலைஞர்களின் காதில் 'கிளிக்' ஒலி கொடுப்பார்கள். 12 பிரேமுக்கு ஒரு கிளிக் என்றால் 24 பிரேம் வேகத்தில் நிமிடத்துக்குச் சரியாக 120 தட்டு. (அதே காட்சி பி.ஏ.எல். பிரதியில் 125 தட்டாகிவிடும். மூன்றாம் படியை நினைவில் வையுங்கள்.) மறுபதிவில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. நடத்துநர் இசையின் போக்கில் மூச்சு விடலாம், ஓர் உச்சத்தில் நின்று ரசிக்கலாம்.

ஆகவே மறுபதிவைப் படத்தின் காட்சிமேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தைப் பொருத்திவிட்டு, எந்த இடத்தில் விலகத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். சில மறுபதிவுகள் கடைசிவரை ஒட்டி வரும். சில பத்தாவது விநாடியிலேயே நழுவும். நழுவுவதைக் குறையாகக் கருத வேண்டாம். ஆனால் "ஹெர்மனே நடத்தினார், எனவே இதுவே அவர் மனத்தில் இருந்த வேகம்" என்றும் சொல்லிவிட முடியாது. 1960இன் ஹெர்மன் படத்துக்காக நடத்தினார். 1975இன் ஹெர்மன் வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்காக நடத்தினார். என் கருத்து: காட்சிக்கு முதலாமவர், இரவில் தனியாகக் கேட்க இரண்டாமவர்.

நம் படங்களில் ஓர் அபூர்வமான சம்பவம் உண்டு. 2000இல் வந்த 'ஹே ராம்' படத்துக்கு முதலில் எல். சுப்பிரமணியம் இசையமைத்தார். பாடல் காட்சிகள் படமான பிறகு இளையராஜா வந்து, எடுத்து முடித்த உதட்டசைவுக்கே பொருந்தும்படி புதிய பாடல்களை அமைத்தார். புடாபெஸ்ட் இசைக்குழுவையும் பயன்படுத்தினார். படம் இசைக்கு இடும் கட்டு எவ்வளவு இறுக்கமானது, அதற்குள்ளும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்ப் படங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல்

நம்மிடம் பாடல்கள்தான் தட்டாக வந்தன. பின்னணி இசை பெரும்பாலும் தனியாக வெளியாகவே இல்லை. படம்தான் அதற்கு ஒரே ஓலைச்சுவடி. அதன்மேல் வசனமும் காலடிச் சத்தமும் எழுதப்பட்டிருக்கின்றன. மேடையில் வாசித்ததையோ இளைஞர்கள் மீட்டுருவாக்கியதையோ ஒப்பிட வேண்டுமானால், முதலில் வசனமில்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் ஓடும் எழுத்துக் காட்சி, பயணக் காட்சி, கதாபாத்திரம் தனியாக நிற்கும் காட்சி. ஒரு படத்தில் எப்படியும் சில நிமிடங்கள் தேறும்.

ஆறு தனித் தடங்களாகப் பிரித்த 5.1 ஒலி கொண்ட வட்டாக இருந்தால் நடு ஒலிப்பெருக்கியின் தடத்தை மட்டும் அணைத்துப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மீதித் தடங்களில் இசை தெளியும். ஆனால் மோனோவாகப் பிறந்த பழைய படத்தைப் பிற்காலத்தில் 5.1 ஆக்கியிருந்தால் இந்த உபாயம் பலிக்காது. அங்கே பிரித்ததே செயற்கை. சில நேரங்களில் புதிய ஒலிகளையும் சேர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட வட்டை மூலம் என்று எண்ணி ஒப்பிட்டால் அடித்தளமே ஆட்டம் காணும்.

எட்டாம் படி: காகிதத்தையும் மறந்துவிடாதீர்கள்

மறுபதிவில் ஒரு சுரமோ ஒரு வாத்தியமோ மாறியிருந்தால் உடனே நடத்துநரைக் குறை சொல்லக் கூடாது. அவர் கையில் எந்தத் தாள் இருந்தது என்று கேளுங்கள். எம்ஜிஎம் நிறுவனம் தன்னிடமிருந்த முழு இசைக்குறிப்புகளை இடமில்லை என்று குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டது. பிற்காலத்தில் அந்தப் படங்களின் இசையை வாசிக்க விரும்பியவர்கள், மிஞ்சிய சுருக்கக் குறிப்புகளையும் படத்தின் ஒலியையும் வைத்துக் காதால் கேட்டே ஒவ்வொரு வாத்தியத்தின் பங்கையும் மீட்டெழுத வேண்டியிருந்தது. வசனத்துக்கு அடியில் மங்கலாகக் கேட்கும் குழல் ஓபோவா கிளாரினெட்டா என்று பல நாள் தேடியிருப்பார்கள். அப்படிப்பட்ட மறுபதிவில் ஒரு பிழை கண்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உழைப்புக்கு மரியாதை கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதிவையுங்கள், நாடாவைக் காப்பாற்றுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பதிவின் பிறப்பு விவரம், செய்த திருத்தங்கள் (வேகம் எத்தனை சதவீதம், ஒலியளவு எத்தனை டெசிபல்), ஒவ்வொரு சுற்றின் குறிப்பு. தீர்ப்பை ஒரே வரியில் எழுதாமல் 'காட்சிக்கு', 'காதுக்கு' என்று பிரித்து எழுதுங்கள். இரண்டும் ஒன்றாகவே வந்தால் நான்காம் படியைச் சரியாகச் செய்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு வேலை அவசரமானது. நம் காற்றின் ஈரத்தில் கேசட் நாடாவில் பூசணம் பிடிக்கிறது. பழைய வீட்டை விட்டு வரும்போது அலமாரிக்கு மேலே அட்டைப் பெட்டியில் போட்டு மறந்த கேசட்டுகள் எத்தனையோ குடும்பங்களில் இருக்கின்றன. வேறெங்கும் கிடைக்காத பதிவு அவற்றில் இருக்கலாம். அன்று ரேடியோ 6 என்று அழைத்த, இன்று மின்னல் எஃப்எம் ஆகியிருக்கும் வானொலியிலிருந்து பிடித்து வைத்தவையும் இருக்கலாம். கேசட்டின் சிறு ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்து ஓட்டும் கேசட்டுக்கும் தொற்றும். அதைத் தனியாக வைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருப்பவற்றை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வையுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். சுருக்கிய கோப்பாக வைக்காதீர்கள். இசை தொடங்கும் முன் நாடாவில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடும் சில விநாடிகளை வெட்டிவிடாதீர்கள். பின்னாளில் இரைச்சலைக் குறைக்க விரும்புகிறவர் அந்த இடத்தைக் காட்டித்தான் மென்பொருளுக்கு எது இரைச்சல், எது வயலின் என்று சொல்ல முடியும்.